அளக்காமல் ஊற்றச் சொன்னது யார்?

சென்ற இதழில் வந்த அந்தக் கட்டுரையை மூன்று முறை படித்தேன். மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறையைத் தொடங்குகிறவர்கள் கொழுப்பை அளக்கவே வேண்டாம் என்கிறது கட்டுரை. வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் கை நிறையச் சேர்க்கலாம், உள்ளே போகிற கொழுப்பு கூடக் கூட உடம்பில் தேங்கிய கொழுப்பு கரைந்துபோகும் என்று உறுதி சொல்கிறது. இதற்குச் சாட்சியாகக் கட்டுரையாளர் கூப்பிட்டிருப்பது வலிப்பு நோய்க் குழந்தைகளை. நூறு வருடமாக அந்தக் குழந்தைகளுக்கு வெண்ணெயை அள்ளி அள்ளிக் கொடுக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெரியவர்களுக்கு என்ன பயம் என்று கேட்கிறார்.

அந்தக் குழந்தைகளுக்குச் சாப்பாடு அளந்து கொடுக்கும் டயட்டீஷியனாகப் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். மற்றதைப் பிறகு பேசலாம். முதலில் அந்த "அள்ளி அள்ளி" என்ற சொல் பொய்.

எங்கள் சமையலறையில் எதையும் யாரும் அள்ளியதில்லை. மேஜை மேல் ஒரு கிராம் வரை காட்டும் தராசு இருக்கும். அதன் மேல் கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். ஒரு நாளைக்கு 1000 கலோரி வேண்டிய குழந்தைக்கு 4:1 விகிதம் என்று மருத்துவர் எழுதினால் கணக்கு இப்படி வரும்: கொழுப்பு 100 கிராம், புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து மொத்தமே 25 கிராம். இருமல் மருந்தில் இருக்கும் சர்க்கரையைக்கூட இந்தக் கணக்கில்தான் கழிப்போம். முட்டையை அடித்துக் கலக்கி, அதில் எத்தனை கிராம் என்று நிறுத்து எடுப்போம்; முழு முட்டை என்ற பேச்சே கிடையாது. ஐந்து வயதுப் பையன் ஒருவனின் அம்மா, அவன் சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தை ரப்பர் கரண்டியால் வழித்து, கரண்டியை அவன் நாக்கில் தடவிவிட்டு, காலிக் கிண்ணத்தை என்னிடம் சாய்த்துக் காட்டுவார். "ஒட்டினதையும் வழிச்சுக் கொடுத்துட்டேன் மேடம், பாருங்க." கிண்ணத்தில் மினுமினுப்புகூட இருக்காது. பக்கத்து வீட்டில் கொடுத்த ஒரே ஒரு பிஸ்கட்டால் பல வாரம் நின்றிருந்த வலிப்பு திரும்பி வந்ததை அவர் பார்த்திருக்கிறார். அந்தத் தாயின் கையில் இருந்த கவனத்தை "அள்ளிக் கொடுத்தார்கள்" என்று எழுதியதற்குக் கட்டுரையாளர் வெட்கப்பட வேண்டும்.

வரலாற்றையும் அவர் பாதியில் நிறுத்திவிட்டார். 1921ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் இந்த உணவுமுறைக்குக் கீட்டோஜெனிக் என்று பெயர் வைத்தார். பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பது தெரிந்திருந்தது. குழந்தையைப் பட்டினி போடாமலேயே பட்டினியின் பலனைக் கொண்டுவர முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. 1938ல் ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்து வந்ததும் இந்த முறை ஓரங்கட்டப்பட்டது. காரணம், வீட்டில் கடைப்பிடிப்பது அவ்வளவு கடினம். 1990களில் மறுபடியும் உயிர் பெற்றது. 2008ல் லண்டனில் 145 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது: உணவுமுறையில் இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, இல்லாதவர்களில் 6 சதவீதம் பேருக்கு மட்டுமே குறைந்தது. மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு இது மகத்தான சிகிச்சை. அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

ஆனால் சிகிச்சை என்பதால்தான் அதற்குக் காவல் போட்டிருக்கிறார்கள். தொடங்கும் முன்பே, கொழுப்பை எரிக்க முடியாத பிறவிக் குறைபாடு குழந்தைக்கு இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்போம். இருந்தால் இந்த உணவே ஆபத்து. தொடங்கிய பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை கொலஸ்ட்ரால், சிறுநீர், உயரம், எடை எல்லாம் பார்ப்போம். சில குழந்தைகளுக்கு ரத்தக் கொழுப்பு ஏறும், சிலருக்குச் சிறுநீரகத்தில் கல் வரும், சிலருக்கு வளர்ச்சி மந்தமாகும். "ஒன்றும் ஆகவில்லை" என்று கட்டுரையாளருக்கு யார் சொன்னார்கள்? ஆகக் கூடாது என்று ஒரு குழுவே உட்கார்ந்து காவல் காப்பதால்தான் பெரும்பாலும் ஆகாமல் இருக்கிறது.

அடுத்தது, கட்டுரையின் அச்சாணியான வாதம்: அதிகக் கொழுப்பு, கொழுப்பிலிருந்து கல்லீரல் உண்டாக்கும் கீட்டோனும் அதிகம், ஆகவே வேகமாக எடை குறையும். முதல் இரண்டுக்கும் நடுவில் ஓரளவு தொடர்பு உண்டு. மூன்றாவதுக்கு இல்லை.

வலிப்புக் குழந்தை மெலியக் கூடாது, வளர வேண்டும். அதே நேரம் கீட்டோனும் குறையாமல் இருக்க வேண்டும். ஆகவே அதற்கு வேண்டிய கலோரியில் பத்தில் ஒன்பது பங்கை வெளியிலிருந்து கொழுப்பாகக் கொடுக்கிறோம். தொப்பையைக் குறைக்க வந்த நாற்பத்தைந்து வயதுக்காரரின் நிலை இதற்கு நேர் எதிரானது. அவருக்கு வேண்டிய கொழுப்பு இடுப்பைச் சுற்றி ஏற்கெனவே சேர்ந்து கிடக்கிறது. மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராமுக்குள் நிறுத்தினால் இன்சுலின் இறங்கும், கல்லீரல் கொழுப்பை வாங்கிக் கீட்டோனாக மாற்றத் தொடங்கும். அந்தக் கொழுப்பு தட்டிலிருந்து வந்ததா, தொப்பையிலிருந்து வந்ததா என்று கல்லீரல் பார்ப்பதில்லை. தட்டில் தேவைக்கு மேல் ஊற்றினால் ஊற்றியது எரியும். தொப்பை இருந்த இடத்திலேயே இருக்கும். கீட்டோசிஸைத் தொடங்கி வைப்பது சோற்றை எடுத்தது. வெண்ணெய்க்கு அந்தப் பெருமை சேராது.

முதல் வாரத்திலேயே மூன்று கிலோ குறைந்ததைக் கட்டுரையாளர் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன், கிராமுக்கு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தியதும் கிளைகோஜன் தீர்கிறது, தண்ணீர் வெளியேறுகிறது. அந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். மறுபடியும் பிரியாணி சாப்பிடத் தொடங்கினால் அந்தத் தண்ணீர் திரும்பி வந்துவிடும்.

அவர் சிபாரிசு செய்யும் காலை வெண்ணெய்க் காபியையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மேஜைக்கரண்டி வெண்ணெய், ஒரு மேஜைக்கரண்டி தேங்காய் எண்ணெய். சுமார் 320 கலோரி. நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 26 கிராம். புரதம் இல்லை என்றே சொல்லலாம், நார்ச்சத்து அறவே இல்லை. 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு நாள் முழுவதற்குமான நிறைவுற்ற கொழுப்பின் உச்சவரம்பு, உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 22 கிராம். காலை எட்டு மணிக்கே ஒரு டம்ளரில் அது தாண்டிவிட்டது. அதே 320 கலோரிக்கு மூன்று முட்டையைக் கடலை எண்ணெயில் பொரித்து, ஒரு கை முருங்கைக்கீரையும் வதக்கிச் சேர்த்துச் சாப்பிட்டிருந்தால் 18 கிராமுக்கு மேல் புரதம் கிடைத்திருக்கும், மதியம் வரை வயிறும் தாங்கியிருக்கும்.

கட்டுரையில் ஒரு விஷயம் சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். சோற்றையும் குறைத்து, எண்ணெய்க்கும் பயந்து, வெள்ளரிக்காயும் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியுமாகச் சாப்பிடுகிறவர்கள் மூன்றாவது வாரத்தில் பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். ஒரு கப் சோறு போனால் 200 கலோரி போகிறது. மூன்று வேளையும் போனால் பசி வரத்தான் செய்யும். அந்த இடத்தில் ஓரளவு கொழுப்பு வேண்டும். பசி அடங்க, கறி ருசிக்க, கீரையில் இருக்கும் வைட்டமின் உடம்பில் சேர. கொழுப்பைக் கண்டு நடுங்கிய காலம் போய்விட்டது, அது நல்லதுதான். நான் கேட்பதெல்லாம் எந்தக் கொழுப்பு, எவ்வளவு என்ற இரண்டே கேள்விகள். இந்த இரண்டுக்கும் அந்தக் கட்டுரையில் பதில் இல்லை.

இல்லாததோடு விடவில்லை. தலைகீழான பதிலைச் சொல்லியிருக்கிறார். விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் எல்லாமே விஷம், நம் பாட்டிமார் தொட்டதில்லை என்று எழுதுகிறார். எந்த ஊர்ப் பாட்டி? எள்ளின் நெய்தான் எண்ணெய். நாம் ஊற்றுகிற எல்லாவற்றுக்கும் பொதுப்பெயரே எள் என்ற விதையிலிருந்து வந்தது. அதற்குத்தான் இந்த மண் நல்லெண்ணெய் என்று பெயர் வைத்திருக்கிறது. செக்குகள் எள்ளை ஆட்டிக்கொண்டிருந்த ஊரில் உட்கார்ந்து, அமெரிக்காவில் சோயா எண்ணெயைப் பற்றி நடக்கும் சண்டையை இரவல் வாங்கி நல்லெண்ணெய் மேல் சுமத்துவது என்ன நியாயம்? நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 15 சதவீதம். மிச்சத்தில் ஏறக்குறைய சரிபாதி ஒலிக் அமிலம், சரிபாதி லினோலிக் அமிலம். கடலை எண்ணெயிலும் நிறைவுற்றது 20க்குள்தான். நெய்யில் 60க்கு மேல், தேங்காய் எண்ணெயில் 80க்கு மேல். லினோலிக் அமிலம் உடம்பில் அழற்சியைக் கிளப்பும் என்கிறார். மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்த சோதனைகளில் அழற்சிக் குறியீடுகள் அப்படி உயரவில்லை. பஜ்ஜிக் கடையில் நாலு நாள் காய்ந்த எண்ணெய் கெடுதல் என்றால் ஒத்துக்கொள்வேன். அது காய்ச்சிய குற்றம்.

பாட்டி நெய் சாப்பிட்டாள் என்பதும் பாதி உண்மைதான். பெரும்பாலான வீடுகளில் நெய் சின்னத் தூக்கில், உறியில் இருந்தது. பருப்புச் சோற்றில் ஒரு சிறு கரண்டி விழுந்தால் பெரிது. மாப்பிள்ளை வந்தால் அவருக்கு இரண்டு கரண்டி, பாட்டிக்குக் கடைசியில் தூக்கை வழித்த சோறு. அவள் நெல் குத்தினாள், தண்ணீர் சேந்தினாள், களை எடுத்தாள். அவளைக் காட்டி, நாற்காலியில் பத்து மணி நேரம் உட்காருகிறவரிடம் காபியில் வெண்ணெய் போடச் சொல்வது அவளுக்கும் அவமானம்.

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் அவர் செய்திருப்பது இன்னும் மோசம். 1971ல் வலிப்புக் குழந்தைகளுக்கு எம்.சி.டி. எண்ணெய் என்ற ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள், நல்ல பலன் கிடைத்தது. ஆகவே தேங்காய் எண்ணெய் அருமருந்து என்கிறார். அந்த எம்.சி.டி. எண்ணெயில் இருப்பது எட்டும் பத்தும் கார்பன் கொண்ட கொழுப்பு அமிலங்கள். அவை குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய்ச் சீக்கிரம் கீட்டோன் ஆகும். தேங்காய் எண்ணெயில் அவை ஏழில் ஒரு பங்குகூட நிச்சயமில்லை. ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம்; அது பெரும்பாலும் நீளச் சங்கிலிக் கொழுப்பு போகும் வழியிலேயே போகிறது. பல சோதனைகளைத் தொகுத்து 2020ல் வெளிவந்த ஆய்வில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல் கொலஸ்ட்ராலைச் சுமார் 10 புள்ளி ஏற்றுவது தெரிந்தது. அவியலில் ஒரு கரண்டி விடுங்கள், யாரும் தடுக்கவில்லை. தினம் மூன்று கரண்டி மருந்துபோலக் குடிக்கச் சொல்வதைத்தான் தடுக்கிறேன்.

இனி எல்டிஎல். அது இதயத்தைக் கெடுக்கும் என்பது வெறும் மாத்திரைக் கம்பெனிகளின் கட்டுக்கதை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 2014ல் டைம் இதழ் வெண்ணெய்ப் படத்தை அட்டையில் போட்டதை ஆதாரமாகக் காட்டுகிறார். ஒரு பத்திரிகையின் அட்டைப்படம் எப்போது மருத்துவ ஆதாரம் ஆனது?

அன்று வெண்ணெயைப் பற்றி நடந்த விவாதத்தின் உள்ளே இருந்த உண்மை இது. வெண்ணெயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மைதாவையும் சர்க்கரையையும் வைத்தால் இதயத்துக்கு லாபம் இல்லை. வெண்ணெயை எடுத்துவிட்டு நிறைவுறாக் கொழுப்பு உள்ள எண்ணெய், பாதாம் போன்ற கொட்டைகள், மீன் வைத்தால் லாபம் உண்டு. எதற்குப் பதிலாக எது என்பதுதான் கேள்வி. முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதை மறைப்பது வாசகரை ஏமாற்றுவது.

1985ல் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இழுக்கும் ஏற்பி பிறவியிலேயே பழுதான குழந்தைகளிடமிருந்து அவர்கள் தொடங்கினார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்தப் பழுதை வாங்கிய பிள்ளைகளுக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். அந்தப் பிள்ளைகள் சிகரெட் பிடித்தவர்களா? அவர்களுக்குச் சர்க்கரை நோயா? இரத்தத்தில் ஏறிக் கிடந்தது எல்டிஎல். மறுபக்கம், மரபணு மாற்றத்தால் வாழ்நாள் முழுக்க எல்டிஎல் குறைவாகவே இருக்கிறவர்களுக்கு இதய நோய் மிகக் குறைவு என்பதும் நிரூபணம் ஆகிவிட்டது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்து 1994ல் முடிவு வெளியான சோதனையில், கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மொத்த மரணமே 30 சதவீதம் குறைந்தது. இத்தனையையும் கட்டுக்கதை என்று சொல்ல வேண்டுமானால் இதில் ஒன்றையாவது எடுத்து மறுத்திருக்க வேண்டும். ஒன்றின் பெயர்கூட அந்தக் கட்டுரையில் இல்லை.

கீட்டோ எல்லோருக்கும் எல்டிஎல்லை ஏற்றுவதில்லை. பலருக்கு ட்ரைகிளிசரைடு இறங்குகிறது, சர்க்கரையும் கட்டுக்குள் வருகிறது. ஆனால் சிலருக்கு, அதிலும் மெலிந்த உடம்புக்காரர்கள் சிலருக்கு, எல்டிஎல் 200ஐத் தாண்டுகிறது. நாம் அந்தச் சிலரில் ஒருவரா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. தெற்காசியர்களான நமக்கு மற்றவர்களைவிடச் சிறு வயதிலேயே மாரடைப்பு வருகிறது. நம்மிடம் வந்து ரத்தம் பார்க்காதே என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வந்தது?

கொழுப்பு சேர்க்க வேண்டுமா, சேருங்கள். தாளிக்கவும் வதக்கவும் நல்லெண்ணெய், கடலை எண்ணெய். வாரத்தில் மூன்று நாள் மத்தி, கானாங்கெளுத்தி. விலையும் குறைவு, ஒமேகா-3யும் நிறைய. தினம் ஒரு கைப்பிடி பாதாம் அல்லது வால்நட். முட்டை. துவையலில் தேங்காய். தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களிலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட் கிடைத்தால் அதுவும். ருசிக்கு ஒரு தேக்கரண்டி நெய். ஸ்பெயினில் இதய நோய் வரும் வாய்ப்புள்ள ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், ஆலிவ் எண்ணெயோ பாதாம், வால்நட் போன்ற கொட்டைகளோ சேர்த்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தன. அது கீட்டோ உணவு இல்லை, ஆனால் கொழுப்பு நிறைந்த உணவு. கொழுப்பை நல்லதாக்கியது வகை.

முதல் வாரத் தலைவலிக்கும் சோர்வுக்கும் மேலும் இரண்டு கரண்டி வெண்ணெய் போடச் சொல்கிறார் கட்டுரையாளர். இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளுகிறது. தலைவலி பெரும்பாலும் அதனால் வருவது. அதற்கு உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் கோழி சூப்பும் போதும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக என்னை எழுத உட்கார வைத்தது கடைசியாகச் சொல்லப்போவது. அவ்வளவு பெரிய கட்டுரையில் சர்க்கரை மாத்திரை பற்றி ஒரு வரி இல்லை. தமிழ்நாட்டில் எடை குறைக்க இந்த உணவைத் தொடங்குகிறவர்களில் எத்தனை பேர் சர்க்கரை நோயாளிகள் என்று அவருக்குத் தெரியாதா? இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று 2023ல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னதே. இன்சுலின் போட்டுக்கொண்டோ, கிளைமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டோ, அளவைக் குறைக்காமல் சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கும். ஆள் மயங்கி விழுவார். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இன்று மலிவாகிவிட்டன, நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். அவற்றோடு கீட்டோ சேர்ந்தால் ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மாத்திரைகளின் அமில ஆபத்தைப் பற்றி 2015லேயே எச்சரித்துவிட்டது.

அப்படி வந்த ஒருவரை நான் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். இரண்டு நாளாக வாந்தி. மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் மெஷினில் பார்த்தபோது சர்க்கரை 180. "சுகர் நார்மலாத்தானே இருக்கு, கேஸ் ட்ரபிளா இருக்கும்" என்று மனைவி இஞ்சிக் கஷாயம் கொடுத்திருந்தார். சர்க்கரை ஏறாமலேயே அமிலம் ஏறும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாளில் கீட்டோ உணவுப் பட்டியல், பார்த்து எழுதியது. முதல் வரியில் வெண்ணெய்க் காபி. மாத்திரையைப் பற்றி அதிலும் ஒன்றும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் இருந்து பிழைத்தார்.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த இதழில் அந்த மாத்திரைகளின் பெயரை அவரே எழுதட்டும், பெரிய எழுத்தில். பித்தப்பையில் கல் உள்ளவர்கள், கணையத்தில் அழற்சி வந்தவர்கள், ட்ரைகிளிசரைடு 500க்கு மேல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், டைப் 1 சர்க்கரை நோயாளிகள் யாரும் தாங்களாக இதைத் தொடங்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையை நம்பிக் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தியிருந்தால் மருத்துவரிடம் போய் அதைச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையோடு இந்த உணவைத் தொடங்கியிருந்தால் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே போங்கள். வாந்தியோ மூச்சுத்திணறலோ இருந்தால், சர்க்கரை எவ்வளவு காட்டினாலும் சரி, காலை வரை காத்திருக்க வேண்டாம்.